மனப்பாடப் பகுதி

ஒரு பிள்ளையை இருபது நிமிடம் கலங்காமல் உட்கார வைத்துக் காட்டினால் சொந்த ஊருக்கு மாறுதல் கிடைக்கும் என்று ஆசிரியர்களிடம் சொல்லிப் பாருங்கள். அப்புறம் அந்த ஒன்றியத்தில் ஒரு பிள்ளையும் கலங்காது. செவல்குறிச்சியில் அதுதான் நடந்தது. நடத்திக் காட்டியவர் காளீஸ்வரி டீச்சர். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர், நாற்பத்தாறு வயது, நல்ல மனுஷி. நல்ல மனுஷி என்பதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இந்தக் கதையில் கெட்டவர்களுக்கு அதிக வேலை இல்லை.

செவல்குறிச்சியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள். வெடி விபத்தில் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் உண்டு. யாராவது கதவைப் பட்டென்று சாத்தினால் பெஞ்சுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள். முன்னெல்லாம் ஆசிரியர்கள், "என்ன நடிக்கிற, எந்திரி" என்று அதட்டுவார்கள். அது கொடுமை என்று 2043இல் அரசாங்கத்துக்குப் புரிந்தது. புரிந்ததும் ஒரு கருவி வாங்கியது, ஒரு பயிற்சி நடத்தியது. அரசாங்கத்துக்கு எது புரிந்தாலும் இந்த இரண்டும் நடக்கும்.

கருவி ஒரு கைப்பட்டை. பிள்ளையின் நாடித் துடிப்பையும் வியர்வையையும் பார்த்து, மனம் அமைதியாக இருந்தால் பச்சை, கலங்கினால் மஞ்சள், தாங்க முடியாமல் போனால் சிவப்பு காட்டும். ஆசிரியரின் கைபேசியிலும் அதே நிறம் தெரியும், துடிப்பின் எண்ணோடு. பயிற்சி, திரையில் வரும் கயல் என்ற பெண்ணோடு. கயல் நிஜம் இல்லை. ஆயிரம் பிள்ளைகளின் பேச்சையும் அழுகையையும் போட்டு அரைத்துக் கணினி செய்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஆசிரியர் அவள் முன்னால் உட்கார்ந்து இருபது நிமிடம் பேச வேண்டும், சிவப்பு வரக் கூடாது. வராவிட்டால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமை.

காளீஸ்வரி முதல் அணிக்கு ஐந்து நாள் உயிரைக் கொடுத்து வகுப்பெடுத்தார். குரலைத் தாழ்த்துவது, பிள்ளைக்கும் கதவுக்கும் நடுவில் போய் நிற்காமல் இருப்பது, தொடுவதற்கு முன் கேட்பது, தானாகப் பேச வரும்வரை பொறுத்திருப்பது. எல்லாமே உண்மையில் நல்ல விஷயங்கள். ஆறாம் நாள் தேர்வு. ஏழாம் நாள் வாட்ஸ்அப்பில் விடை வந்துவிட்டது. எந்தப் பயிற்சிக்கும் விடை வந்துவிடும், அது நம் ஆசிரியர்களின் பழக்கம். இதற்கு வந்த விடை மூன்றே வாக்கியம்: "இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்மா. நீ பத்திரமா இருக்க. மூச்சை இழுத்து மெதுவா விடு." கயல் எதையாவது சொல்ல வாயெடுக்கும்போது இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால் போதும், எண் மளமளவென்று இறங்கும். இரண்டாம் அணியில் எல்லாரும் தேர்ச்சி. மூன்றாம் அணியிலும் எல்லாரும் தேர்ச்சி.

காளீஸ்வரிக்குக் கோபம்தான். பிள்ளை பேச வரும்வரை பொறுத்திருக்கச் சொன்னால், பேச வரும்போது வாயை அடைக்கிறீர்களே என்று கூட்டத்தில் கேட்டே விட்டார். ஜெபராஜ் சார் எழுந்து மரியாதையாகப் பதில் சொன்னார். நடுநிலைப் பள்ளி ஆசிரியர், மனைவி மக்கள் நாகர்கோவிலில், ஒன்பது வருஷமாக இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்.

"பேச விட்டா சிவப்பாகுது மேடம். சிவப்பானா எனக்கு மார்க் போகுது. அது போகட்டும், பிள்ளைக்கும் கஷ்டம்தான?"

காளீஸ்வரி கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்த அணிக்குத் தேதி குறித்தார். மாவட்டத்திலேயே செவல்குறிச்சிதான் தேர்ச்சியில் முதலிடம் என்று பாராட்டுச் சான்றிதழ் வந்தபோது, அதை வேண்டாமென்று அவர் திருப்பி அனுப்பவில்லை.

மூன்று வருஷம் கழித்துத் துறையிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மாரிதர்ஷினி என்ற எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிய கடிதம். குலசாமிக்குப் பாதி, அம்மாவின் ஆசைக்குப் பாதி என்று வைத்த பெயர். கூப்பிடுவது தர்ஷினி. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஊருக்குக் கிழக்கே ஓர் ஆலையில் ஓர் அறை வெடித்துப் பதினோரு பேர் இறந்துபோனார்கள். அவளுடைய அம்மா குருவம்மாள் அதில் ஒருத்தி. நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறை அது. தொழிலாளர்கள் விதியை மீறி உள்ளே கூடிக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள், கதவு திறந்தேதான் இருந்தது, என்று ஆலைத் தரப்பு எழுதிக் கொடுத்திருந்தது. கதவு வெளியே தாழிட்டிருந்தது என்று சொல்ல உயிரோடு மிஞ்சியது தர்ஷினி ஒருத்திதான்.

விசாரணை ஆணையம் அவளை இரண்டு முறை கூப்பிட்டது. குழந்தைச் சாட்சிக்கென்று தனி விதிகள் உண்டு. கையில் பட்டை இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் உடனாளாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். அரை நிமிடம் சிவப்பு நீடித்தால் விசாரணையை நிறுத்திவிட வேண்டும். மூன்று முறை நின்றுபோனால், பிள்ளை சாட்சி சொல்லும் நிலையில் இல்லை என்று பெயரையே நீக்கிவிட வேண்டும். பிள்ளையை வதைக்காமல் இருக்க யாரோ நல்ல மனதோடு எழுதிய விதி. இரண்டு முறையும் உடனாளாகப் போனவர் அவளுடைய வகுப்பாசிரியரான ஜெபராஜ் சார். இரண்டு முறையும் தர்ஷினி அந்தக் கதவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் சிவப்பு, சாரின் மூன்று வாக்கியம், அமர்வு ஒத்திவைப்பு. மூன்றாவது அமர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குக் காளீஸ்வரி போக வேண்டும் என்பதுதான் கடிதம்.

பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில், மதிய உணவு இடைவேளையில், இருவரும் உட்கார்ந்தார்கள். காளீஸ்வரி கதவைத் திறந்து வைத்தார், பிள்ளைக்கு வாசல் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டார், குரலைத் தாழ்த்தி, "இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்மா" என்று ஆரம்பித்தார். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

தர்ஷினி அவரைச் சலிப்போடு பார்த்தாள். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க டீச்சர். தமிழ் டீச்சர், கணக்கு சார், பி.டி. சார், ஜெபராஜ் சார். சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம்னு. நான் சொல்லணும். யாருமே கேக்க மாட்டேங்குறீங்க."

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. கைபேசியில் மஞ்சள் வந்திருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லு, கேக்குறேன்" என்றார்.

அவள் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் இவ்வளவுதான். அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு ஒத்தாசையாக ஆலைக்குப் போயிருந்தாள். சோதனை வண்டி வருகிறது என்று தகவல் வந்தது. அப்படித் தகவல் வந்தால் அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. விதிக்கு மாறாக மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களை எல்லாம் ஓர் அறைக்குள் அனுப்பி, வெளியே தாழ் போட்டு, ஆளில்லாத அறை மாதிரி காட்டுவார்கள். சோதனைக்காரர்களும் தாழ் போட்ட கதவைத் தட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை. தர்ஷினி தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது போர்மேன் தாழ் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து அவளிடம் பேசினாள். போர்மேன் அவளை வேலிக்கு அந்தப் பக்கம் ஓடச் சொன்னார், சின்னப் பிள்ளை வண்டிக்காரர்கள் கண்ணில் படக் கூடாதே. ஓடினாள். வேலியைத் தாண்டிய பிறகு சத்தம் கேட்டது.

இதைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முன்னுக்குப் பின் மாறி மாறி வந்தது. நடுவில் ஆய்வகத் தொட்டியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "தாழ்ப்பாள் எனக்கு எட்டுற ஒசரம்தான் டீச்சர். நான் தெறந்திருக்கலாம்" என்றாள். காளீஸ்வரி, தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தோளில் கை வைத்தார். அவள் அவர் மடியில் விழுந்து அழுதாள். ஐந்தாம் பாடவேளை மணி அடித்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

அழுகை அடங்கியதும் ஒன்று சொன்னாள். "எங்கம்மா போன் பாத்துக்கிட்டு இருந்து வெடிச்சதுன்னு எழுதியிருக்காங்க டீச்சர். எங்கம்மாட்ட போனே கெடையாது."

அதோடு விட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். ஆனால் கேட்டது காளீஸ்வரி, ஆணையம் கேட்கவில்லை. கவிழ்த்து வைத்த கைபேசியை எடுத்துப் பார்த்தபோது துடிப்பு நூற்று ஐம்பத்தாறு வரைக்கும் போயிருந்தது. பதினெட்டு நிமிடம் சிவப்பு. ஆணையத்தின் முன்னால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பேருந்தில் வீடு திரும்பும்போது காளீஸ்வரி தன்னையே திட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளையின் வாயை இரண்டு வருஷமாக அடைத்தது யார்? தான் நடத்திய பயிற்சி. பாராட்டு வாங்கியது யார்? தான். அப்படியானால் திறந்துவிட வேண்டியதும் தான்தான். எப்படி என்று யோசித்தார். பயிற்சிக் கையேடு முழுக்கப் பிள்ளையை அமைதிப்படுத்துவதற்கு வழி இருந்தது. பேசிக்கொண்டே அமைதியாக இருப்பதற்கு ஒரு வழியும் இல்லை. அப்போதுதான் அவருக்குள் இருந்த பழைய வகுப்பாசிரியை விழித்துக்கொண்டாள். நம் பள்ளிக்கூடங்களுக்கு நிச்சயமாகச் செய்யத் தெரிந்த காரியம் ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையையும், எந்தப் பாட்டையும், பொருள் புரிந்தாலும் புரியாவிட்டாலும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்கு உருப்போட வைத்துவிடுவோம்.

மறுநாள் தர்ஷினியிடம் கேட்டார். கஷ்டமாக இருக்கும், தினமும் சொல்ல வேண்டும், சொல்லிச் சொல்லிப் பழகினால் பட்டை ஏறாது, சம்மதமா என்று. தர்ஷினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மனப்பாடப் பகுதி மாதிரியா டீச்சர்? அது எனக்கு நல்லா வரும்" என்றாள்.

நன்றாகத்தான் வந்தது. முதல் வாரம் தினமும் அழுகை, தினமும் தொட்டி. இரண்டாம் வாரம் வாந்தி நின்றது. காளீஸ்வரி ஒரு நோட்டில் தேதி போட்டுத் துடிப்பை எழுதி வந்தார்: நூற்று நாற்பத்தொன்று, நூற்று இருபத்தெட்டு, நூற்றுப் பதினேழு. எண் இறங்க இறங்க, நல்ல ஆசிரியருக்கு வரும் உற்சாகம் அவருக்கு வந்தது. "வந்து, வந்து" என்று இழுக்காமல் சொல்லப் பழக்கினார். முன்னுக்குப் பின் போகாமல் வரிசைப்படுத்தினார். எங்கே மூச்சு விடுவது என்றுகூடக் குறித்துக் கொடுத்தார். கடினமான அடியைத் தனியாகப் பிரித்துப் பயிற்சி கொடுப்பதுதான் முறை. ஆகவே நான்காம் வாரத்தில் ஒரு நாள் முழுக்க ஒரே வரிதான்: தாழ்ப்பாள் எனக்கு எட்டும், நான் திறந்திருக்கலாம். நாற்பது தடவை சொன்னாள். முதல் தடவை நூற்று முப்பத்திரண்டு. நாற்பதாவது தடவை எண்பத்து நான்கு. சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கபடி ஆடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, யார் அவுட் என்று கேட்டாள்.

காளீஸ்வரி எதையும் எழுதாமலே நோட்டை மூடப் போனார். ஆனால் எண்பத்து நான்கு. அதை நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டார்.

அந்த வாரக் கடைசியில் பொன்னுத்தாய் வந்தாள். குருவம்மாளின் தங்கை, தர்ஷினியை வைத்து வளர்ப்பவள், வேறோர் ஆலையில் வேலை. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"தப்பா நெனக்காதீங்க டீச்சர். நீங்க அவளுக்கு நல்லதுதான் பண்றீங்க. முன்னாடி எங்கக்கா போட்டோவப் பாத்தா ஏங்கி ஏங்கி அழுவா. இப்ப அந்தப் போட்டோவத் தொடச்சுட்டு, 'சித்தி, சோத்தப் போடு'ங்குறா. நல்லாயிட்டாளா, இல்ல வேற எதுவுமானு எனக்கு வெளங்கல."

குணமாவதற்கு அது ஓர் அடையாளம் என்று காளீஸ்வரி விளக்கினார். சொல்லும்போது தாழ்ந்த குரலில், இதமாகச் சொன்னார். பொன்னுத்தாயும் தலையாட்டிக்கொண்டு போனாள். அந்தக் குரலை யாரிடம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

மூன்றாவது அமர்வு ஒரு வியாழக்கிழமை. விசாரணை அதிகாரி நீலமேகம், ஓய்வுபெற்ற நீதிபதி, கனிவான மனிதர். தன் மேசையை விட்டு இறங்கி வந்து தர்ஷினிக்கு எதிரே சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தார். ஆலைத் தரப்பு வக்கீல் ஓரமாக இருந்தார். சுவரில் இருந்த திரையில் பட்டையின் கோடு ஓடியது.

தர்ஷினி இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். சனிக்கிழமை, சோதனை வண்டி, மரத்தடி ஆட்கள், எத்தனை பேர், பெயர்கள், போர்மேன் போட்ட சட்டையின் நிறம், தாழ்ப்பாள், அம்மா, வேலி, சத்தம். ஒரு தடுமாற்றம் இல்லை. திரையில் துடிப்பு எண்பதைத் தாண்டவில்லை. நீலமேகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தட்டச்சு செய்த பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்த அறையில் அழாமல் இருந்தது வக்கீலும் தர்ஷினியும்தான்.

வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. "நீ நெனச்சிருந்தா அந்தத் தாழ்ப்பாளத் தெறந்திருக்க முடியுமா பாப்பா?"

காளீஸ்வரி திரும்பித் திரையைப் பார்த்தார்.

"முடியும் சார். தாழ்ப்பாள் எனக்கு எட்டும். நான் திறந்திருக்கலாம்" என்றாள் தர்ஷினி. எழுபத்தாறு. வக்கீல் திரையைப் பார்த்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

வெளியே வந்து காளீஸ்வரி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். தர்ஷினி சாப்பிட்டுக்கொண்டே, ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'அப்போது' என்பதற்குப் பதில் 'அப்புறம்' என்று சொல்லிவிட்டதாக வருத்தப்பட்டாள். பரவாயில்லை என்று காளீஸ்வரி சொன்னார். அன்று மாலை முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். மூன்று வருஷத்துப் பாவத்தைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று வாரம் கழித்து நீலமேகம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அறிக்கை வருவதற்கு முன் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதாம். அதுவே அவருடைய நல்ல குணம்தான்.

தர்ஷினியின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. பட்டைப் பதிவை ஆராய்ந்த வல்லுநர் குழு, பிள்ளை சொன்னதில் நினைவின் தடமே இல்லை என்று எழுதியிருந்தது. நிஜமாகவே கண்ட பயங்கரத்தை ஒரு பிள்ளை நினைத்துச் சொன்னால் உடம்பு காட்டிக்கொடுத்தே தீரும், இந்த உடம்பு ஒன்றும் காட்டவில்லை, அதிலும் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டபோது எழுபத்தாறு, ஆகவே இது யாரோ சொல்லிக்கொடுத்த கதை. அந்த வரி காளீஸ்வரிக்குத் தெரியும். உண்மையான நினைவு உடம்பில் ஏறும் என்பது இரண்டாம் நாள் காலை வகுப்பில் அவரே சொல்லிக்கொடுப்பது.

"நான் நம்புனேன் டீச்சர்" என்றார் நீலமேகம். "என் காது நம்புச்சு. ஆனா காதுக்குச் சட்டத்துல இடம் இல்ல இப்ப. அந்தக் கோட்ட வச்சுத்தான் எழுதணும்."

"சிவப்பானா பேசக் கூடாதுங்குறீங்க. பச்சையா இருந்தா பொய்யிங்குறீங்க. அவ வேற எப்படித்தான் சொல்லணும் சார்?"

"மஞ்சள்ல சொல்லியிருந்தா எடுத்துக்கிட்டிருப்பாங்க" என்றார் நீலமேகம். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் விதி. அளவோடு வலிக்க வேண்டும், அந்த அளவு கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது.

காளீஸ்வரி நடந்ததைச் சொன்னார். நோட்டு, ஆறு வாரம், நாற்பது தடவை, எல்லாம். அதை எழுத்தில் கொடுக்கிறேன், முதல் நாள் நூற்று ஐம்பத்தாறு போன பதிவு என் கைபேசியில் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். நீலமேகம் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"குடுத்துடாதீங்க. அந்தப் பதிவு ஆணையத்துக்கு வெளிய எடுத்தது, செல்லாது. நீங்க பயிற்சி குடுத்தது மட்டும் செல்லும். சொல்லிக்குடுத்த சாட்சினு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்."

மறுநாளே காளீஸ்வரி எழுத்தில் கொடுத்தார். நல்ல மனுஷி என்று முதலிலேயே சொன்னோம் அல்லவா. நீலமேகம் சொன்ன மாதிரியேதான் நடந்தது. வக்கீல் அதை இணைப்பாகச் சேர்த்தார். துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அறிக்கையும் வந்தது: விபத்துக்குக் காரணம் தொழிலாளர்களின் கவனக்குறைவு, கைபேசிப் பயன்பாடு. குருவம்மாளின் பெயர் பதினொன்றில் ஒன்பதாவதாக இருந்தது. அதே வாரம் ஜெபராஜ் சாருக்கு நாகர்கோவிலுக்கு மாறுதல் கிடைத்தது. அவர் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைகளோடு சாப்பிடப் போகிறார்.

தர்ஷினியிடம் யார் சொல்வது என்று தலைமையாசிரியை தயங்கினார். காளீஸ்வரி தானே போனார். அதே ஆய்வகம், அதே மதிய இடைவேளை. இந்த முறை பயிற்சியில் சொன்ன எதையும் செய்யவில்லை. குரலைத் தாழ்த்தவில்லை, நாற்காலியைத் திருப்பவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்று, நீ சொன்னதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, தப்பு என்னுடையது, நான் உன்னை அப்படிப் பழக்கியிருக்கக் கூடாது, என்று உடைந்த குரலில் சொன்னார். கத்தட்டும், அடிக்கட்டும், நோட்டைக் கிழித்து முகத்தில் வீசட்டும் என்று நின்றார். அப்படி எதையாவது செய்துவிட்டால் நல்லது என்றுகூட வேண்டிக்கொண்டார்.

"சரி டீச்சர்" என்றாள் தர்ஷினி. பட்டை பச்சையில் இருந்தது.

காளீஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தர்ஷினி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

"இனிமே யார்ட்டயும் சொல்ல வேண்டியதில்லல்ல டீச்சர்?"

"இல்லம்மா."

"அப்ப அத மறந்துறலாமா?" என்று கேட்டாள். காளீஸ்வரிக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டார்.

"மனப்பாடம் பண்ணத. அம்மா அன்னைக்கு உள்ள இருந்து பேசுனாங்கல்ல, அத நெனச்சுப் பாத்தா அம்மா கொரல் வர மாட்டேங்குது. நான் ஒப்பிக்கிறதுதான் கேக்குது, என் கொரல்ல. முன்னாடி அம்மா கொரல்தான் கேக்கும். அழுகை வரும், ஆனா அம்மா கொரலா இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "உருப்போட்டத எப்படி டீச்சர் அழிக்கிறது? அதுக்கும் தெனமும் வந்து பழகணும்னா நான் வர்றேன்."

காளீஸ்வரி இருபது வருஷமாகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவர். அதை அழித்துக் கொடுக்கும்படி ஒரு பிள்ளையும் அவரிடம் கேட்டதில்லை. மணி அடித்தது. தர்ஷினி போகவில்லை. டீச்சர் ஏதாவது வழி சொல்வார் என்று பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள்.